பெரிய திரையில் படம் வந்துவிட்டது, மகனே

மகனுக்கு,

படம் வந்துவிட்டது. பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் முப்பத்திரண்டு அங்குல டிவியில், நீ விட்டுப்போன லேப்டாப்பின் படம் நடுங்காமல், ஓரம் வெட்டுப்படாமல், முழுசாக வந்துவிட்டது. போனில் சொன்னால் "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்காரன் பேச்சை எடுப்பாய். ஒன்பது வாரம் நான் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு வார்த்தை காணாது. அதனால்தான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லாமல் உட்கார்ந்து கடைசிவரை படி. உன்னைத் தவிர வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதே மாதிரி கறுத்த திரைக்கு முன்னால் வாய் வறண்டு உட்கார்ந்திருக்கிற அப்பன்மார் இன்னும் எத்தனை பேரோ, அவர்களும் படிக்கட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு நீ மறுக்கக் கூடாது. சாப்பிட்ட இலையைக்கூட எடுக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்தாய்.

"அப்பா, அம்மா போயி மூணு வருசம் ஆச்சு. நீங்க இங்கன ஒத்தைல கெடந்து இஞ்சினுகூட மல்லுக்கட்டுனது போதும். கல்யாணம் முடிஞ்சதும் பெங்களூருக்கு வந்திருங்க."

"பட்டறைய என்ன செய்ய?"

"பூட்டுங்க. ஒங்களுக்குக் கண்ணு தெரியலப்பா. லேப்டாப்புல மூக்கு இடிக்க அளவுக்குக் குனிஞ்சு பாக்கீங்க."

"டிவில மாட்டிட்டா பெருசாத் தெரியும். படம்தான் வரமாட்டேங்கு."

"விண்டோஸ் போட்டுத் தாரேன். அரை மணி நேரம் போதும்."

"வேண்டாம்."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "சரி, பந்தயம்" என்றாய். "கல்யாணத்துக்கு முந்தி அந்த டிவில படம் வரணும். ஒங்க லினக்ஸ்லயே வரணும். நீங்க ஒத்தைல, ஒருத்தர்ட்டயும் கேக்காம செய்யணும். செஞ்சிட்டா பெங்களூர்னு இனி வாயத் தொறக்க மாட்டேன். செய்யலேன்னா பட்டறைச் சாவி எங் கைக்கு வரணும்." நான் சரி என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, ரோஷத்தில் சொன்னேன். நாற்பது வருஷம் மீன்பிடிப் படகுகளின் டீசல் இஞ்சினைப் பிரித்து மாட்டியவனுக்கு ஒரு படத்தைச் சுவரில் காட்டத் தெரியாதா என்ற ரோஷம்.

எனக்கு எதற்கு அந்தப் பெரிய திரை என்று நீ சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை. சினிமா பார்க்க இல்லை. இப்போது எந்த இஞ்சினுக்கும் காகிதப் புத்தகம் வருவதில்லை. உதிரிபாகப் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டர் கோப்பாகத்தான் வருகிறது. ஒரு பக்கத்தில் ஐம்பது பாகம், ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இரண்டு வருஷமாக என் இடது கண்ணின் நடுவில் ஒரு கறை. நேராகப் பார்த்தால் பார்க்கிற இடமே அழிந்துபோகும், சுற்றிலும் உள்ளது தெரியும். டாக்டர் அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. "பெருசாக்கி வச்சுப் பாருங்க அய்யா, ரொம்ப நாளைக்கு ஓட்டலாம்" என்றார். அந்த ஓட்டத்துக்காகத்தான் டிவி.

லூர்துவின் படகு மாசியில் நடுக்கடலில் நின்றது உனக்குத் தெரியும். கியர்பாக்ஸில் நான் மாட்டியிருந்த ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம் போய், ஆயில் முழுக்க வடிந்து, சூடேறி இறுகிவிட்டது. லூர்துவும் இன்னும் நான்கு பேரும் பாதி நாள் அலையில் ஆடிக்கொண்டு கிடந்து, பிறகு இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. சீல் மட்டச் சரக்கு என்று லூர்துவிடம் சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். உனக்கு அப்போதே சந்தேகம். எந்தக் கடைச் சரக்கு என்று போனில் கேட்டாய். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன். காலேஜில் கேம் ஆடுவதற்காக நீ அடம்பிடித்து வாங்கிய பெட்டி இது. இதில் படம் காட்டுகிற சில்லு இரண்டு இருக்கிறது. ஒன்று பிராசசருக்குள்ளேயே இருக்கிற சின்னது. லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு அது போதும். இன்னொன்று தனியாக உட்கார்ந்திருக்கிற பெரிய கிராபிக்ஸ் கார்டு. டிவிக்குப் போகிற வயரைச் செருகுகிற ஓட்டை அந்தப் பெரியதோடு மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. பெரியது விழித்துக்கொள்ளாமல் டிவிக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் போகாது. அதை விழிக்கவைத்து இயங்குதளத்தோடு பேசவைக்கிற மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பேர். இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் வயரைச் சந்தேகப்பட்டேன். இங்கே உப்புக் காற்றில் எந்த முனைதான் பச்சை பூக்காமல் இருக்கிறது? மூன்று வயர் வாங்கினேன். ஓட்டையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மூன்று வயரும் நல்ல வயர்தான்.

நான் ஏன் விண்டோஸ் போடவில்லை என்று நீ கேட்காத நாளில்லை. கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது, கம்ப்யூட்டர் பெட்டி வைத்த புது இஞ்சின் மூன்று படகுகளுக்கு வந்தது. ஞாபகம் இருக்கிறதா? ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தால் இஞ்சின் கிளம்பாது. விளக்கை அணைக்கக் கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து அவன் கருவியோடு வர வேண்டும். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பான். சீசன் நேரத்தில் பதினோரு நாள் மூன்று படகும் கரையில் நின்றன. நான் பக்கத்திலேயே ஸ்பேனரோடு நின்றேன், தொட முடியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், திறந்து பார்க்க முடியாத எதையும் என் பட்டறையில் வைப்பதில்லை என்று. லினக்ஸும் விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்தான், ஆனால் அதைத் திறந்து பார்க்கலாம். எனக்குப் புரிகிறதோ இல்லையோ, திறக்கலாம். யாரும் சீட்டு ஒட்டவில்லை. அறுபது வயதுக்குமேல் யாரும் சொல்லித்தராமல் நானே படித்தேன். அதற்காக நீ என்னைப் பாராட்ட வேண்டாம், சிரிக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இயங்குதளம் திறந்தது, அந்தக் கார்டு மூடியது. கார்டு செய்தவன் உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாகச் சொல்லவில்லை. சொல்லாததை, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற சிலர் தட்டித் தடவிக் கண்டுபிடித்து, ஒரு திறந்த டிரைவர் எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் செய்த வேலை, கும்பிட வேண்டும். முதலில் அதைத்தான் போட்டேன். டிவியில் ஒரு கணம் படம் வந்தது, அப்படியே உறைந்துபோனது. மவுஸ் அம்பு பாதி வழியில் நின்றது. மறுபடி கிளப்பினேன், மறுபடி உறைந்தது. ஐந்து நாள் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் செய்தது என் தொழில் புத்தி செய்த முட்டாள்தனம். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிப்பாகம். புதுசு வந்தால் பழையதையும் ஓரமாக வைத்திருக்கும், புதுசு தகராறு செய்தால் பழையதை வைத்துக் கிளம்பலாம். எங்கள் தொழிலில் அப்படிக் கிடையாது. இஞ்சினைத் திறந்தால் இடுக்கை அடைக்கிற பழைய கேஸ்கட் அட்டையைத் தூர எறிந்துவிட வேண்டும், ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில், புதுக் கர்னல் வந்த அன்றைக்கே பழையது எல்லாவற்றையும் துடைத்துத் தூக்கி எறிந்தேன். சுத்தமாக வேலை செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து போட்டால் லேப்டாப் திரையும் கறுப்பு. போய் நிற்கப் பழைய இடம் இல்லை. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்ற நான்கு நாள் ஆனது. படகுகளின் குறிப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன், தப்பித்தேன்.

அப்புறம் இணையத்தில் ஒரு மன்றத்தில் எழுதிக் கேட்டேன். அது பந்தயத்தை மீறியதாகாதா என்று நீ கேட்பாய். முகம் தெரியாதவனிடம் கேட்பது புத்தகம் படிக்கிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் எழுதினேன். ஒருவன் பதில் போட்டான், அவனுக்கு நன்றாக வேலை செய்கிறதாம். அவ்வளவுதான் பதில். இஞ்சின் நின்றுபோன படகைப் பார்த்து, என் படகு ஜோராக ஓடுகிறது என்று கையாட்டிவிட்டுப் போகிற மாதிரி. இன்னொருவன், இது ஏற்கெனவே பலமுறை கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பார்க்கவும் என்றான். தேடாமலா வந்தேன்? அன்றைக்கு நீ போன் செய்தபோது உன்மேல் எரிந்து விழுந்தது அதனால்தான். நீ பாவம், "இங்கேருந்தே கனெக்ட் பண்ணிப் பாக்கட்டுமாப்பா?" என்று நல்ல விதமாகத்தான் கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆறாவது வாரம் தோற்றேன். கார்டு செய்தவனே தருகிற மூடிய டிரைவரைப் போடுவது என்று முடிவெடுத்தேன். திறந்து பார்க்க முடியாததை வைப்பதில்லை என்று இருபது வரிக்கு முன்னால் வீறாப்பாக எழுதினேனே, அதை நானே மீறினேன். கண்ணுக்காக மீறினேன். வருத்தம் இருக்கிறது, வெட்கம் இல்லை.

மூடிய டிரைவரை ஏற்றும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். அதற்குமேலே ஒரு பக்கம் விளக்கம் இருந்தது, பொடி எழுத்து. நான் அதைப் படிக்கவில்லை. புத்தகம் படிக்காமல் இஞ்சினில் கை வைக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஏற்றி முடித்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஒரு நீலத் திரை வந்தது. நடுவில் ஏதோ எழுத்து, எனக்குத் தூசி மாதிரி தெரிந்தது. சற்று நேரத்தில் தானாகப் போய்விட்டது. லேப்டாப் வழக்கம்போலக் கிளம்பியது. டிவி கறுப்பு. டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன். மறுபடி நீலத் திரை வந்தது, போனது. டிவி கறுப்பு. மூன்று வாரத்தில் ஒன்பது தடவை இப்படி. சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி எங்கோ பதிவாகியிருந்தது. எந்தச் சாவி, யார் நிராகரித்தது, ஒன்றும் விளங்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கி வெளியே கிடக்கிற பழைய புரொப்பல்லர் மேல் போட்டு உடைக்கலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, கையில் தூக்கியும்விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், லூர்து வந்தான். தண்ணீர் பம்ப் பற்றிக் கேட்க வந்தவன், என் பக்கத்தில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

"என்ன அண்ணாச்சி, இன்னமும் இந்தச் சனியனக் கட்டிக்கிட்டு அழுதியளா?"

"வாய மூடிக்கிட்டு உக்காருலே. ஸ்டார்ட் ஆவட்டும்."

பத்தாவது தடவை. நீலத் திரை வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். டீசல் இஞ்சின் கிளம்பினால் கையை எடுத்துவிட வேண்டும், அது ஒரு நிதானத்துக்கு வரும்வரை எதையும் தொடக் கூடாது, நடுவில் எதையாவது திருகினால் கெட்டது. என் கையில் நாற்பது வருஷமாக ஊறிய பாடம். உன்னையும்கூட அதற்காக ஒருமுறை அடித்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, எறங்குதுல்லா."

"என்னது எறங்குது?"

"நம்பரு. எட்டு, ஏழு, ஆறு. அந்த எழுத்துக்குக் கீழ."

"அதுபாட்டுக்கு எறங்கட்டும். கை வைக்கப்படாது."

"மூணு, ரெண்டு, ஒண்ணு. போச்சு." அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, ஒருத்தன் எண்ணிக்கிட்டு நிக்கான்னா பதிலு வேணும்னுதான் நிக்கான். அது ஒங்கள என்னமோ கேக்கு. நீங்க பூசைல உக்காந்த மாதிரி கையக் கட்டிக்கிட்டு இருக்கிய."

லூர்து பதினாறு வயதிலிருந்து சங்கு குளிக்கப் போனவன். ஒருவன் கடலுக்குள் இறங்கினால், படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே நிற்பான். இப்போது அவன் இறங்குவதில்லை, எண்ணுவதை மட்டும் விடவில்லை. பஸ் கிளம்பினாலும் எண்ணுவான், டீ ஆறினாலும் எண்ணுவான்.

"எண்ணி முடியும்போது கயிறு ஆடலேன்னா என்னலே செய்வான்?" என்று கேட்டேன்.

"மேல இழுத்திருவான். சும்மா இருக்கதும் ஒரு பதிலுதான் அண்ணாச்சி."

உடனே டிரைவரைக் கழற்றினேன், மறுபடி போட்டேன், கடவுச்சொல் கொடுத்தேன். இந்த முறை அந்த விளக்கப் பக்கத்தை லூர்து எழுத்துக்கூட்டிப் படித்தான். எட்டாவதுவரை படித்தவன், பாதி அவனுக்குப் புரியவில்லை, மீதி எனக்குப் புரிந்தது. இந்த லேப்டாப்பில் ஒரு காவல் இருக்கிறது. வெளியாள் எழுதிய டிரைவர் எதையும் அது உள்ளே விடாது. இவன் நம்ம ஆள் என்று மனுஷன் ஒருத்தன் எதிரே உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் நீலத் திரை. பத்து நொடி கொடுக்கும். பதில் இல்லை என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, கேட்டதையே மறந்துவிட்டுப் போய்விடும்.

நீலத் திரை வந்தது. "ஏதாச்சும் ஒண்ண அமுக்குங்க அண்ணாச்சி, அமுக்குங்க!" என்று லூர்து கத்தினான். அமுக்கினேன். வரிசையாக நான்கு வரி வந்தது. "ரெண்டாவது. ஈ, என், ஆர்... என்ரோலு. ரேசன் கார்டுல பேரு சேப்பாங்கல்லா, அதுதான் போல" என்றான். சேர்த்தேன். தொடரு என்றது, தொடர்ந்தேன். சம்மதமா என்றது, ஆமாம் என்றேன். கடவுச்சொல்லைக் கேட்டது, தட்டினேன். லேப்டாப் அணைந்து கிளம்பியது. டிவி முதலில் கறுப்பாக இருந்தது. லூர்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தான். நான்கு சொல்வதற்குள் சுவர் முழுக்க வெளிச்சம்.

"யம்மா! வந்துட்டுல்லா!" என்று டிரம்மிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பட்டேன். பிறகு பழக்கத்தில், கடைசியாகத் திறந்திருந்த கோப்பைத் திறந்தேன். அது லூர்துவின் கியர்பாக்ஸ் பட்டியல். ஆயில் சீலின் எண், ஒவ்வொரு இலக்கமும் என் கை அகலத்துக்குச் சுவரில் நின்றது. கடைசி இலக்கம் எட்டு. நான் வாங்கி மாட்டியது மூன்றில் முடிகிற எண். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ரப்பர்தான் வேறு. எட்டு சூடு தாங்கும், மூன்று தாங்காது. சரக்கில் ஒரு குற்றமும் இல்லை. அந்தச் சின்னத் திரையில் என் கண்ணுக்கு எட்டு மூன்றாகத் தெரிந்தது. மாசியிலேயே எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. சரிபார்த்தால் தெரிந்துவிடுமே என்று சரிபார்க்கவில்லை. கீழே சொல்கிறேன் என்று மேலே எழுதியது இதைத்தான்.

லூர்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் படகு, அவன் கியர்பாக்ஸ், அந்த எண்ணை மறப்பானா?

"அண்ணாச்சி, எட்டா இது? நீங்க மூணுல்லா போட்டிய."

நான் பேசவில்லை. உனக்குத் தெரியும், நான் பேசமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவன் உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறான் என்று தெரிந்தது. பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன்.

"என் தப்புதாம்லே. கண்ணு தெரியல. சரக்கு மேல பழியப் போட்டுட்டேன்."

அவன் டிரம்மில் மறுபடி உட்கார்ந்தான். என்னை இரண்டு கெட்ட வார்த்தை சொன்னான், அவற்றை எழுத முடியாது. "அஞ்சு பேரு போயிருந்தோம் அண்ணாச்சி. காத்து மாறியிருந்தா எங்கன போயிருப்பமோ" என்றான். பிறகு, "கண்ணு தெரியலன்னு சொல்லித் தொலைச்சா என்ன? ஒங்களத் தூக்கிக் கடல்லயா போட்டிருவோம்? நம்பரு எடுக்கும்போது ஒரு ஆளக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னா வாய் வலிக்குமா?" என்றான்.

ஒரு வாரமாக எனக்கு அந்த நீலத் திரை மனசை விட்டுப் போகவில்லை. நீ பிளஸ் டூ முடித்த வருஷம், சென்னையில் படிக்க விண்ணப்பத்தோடு பட்டறைக்கு வந்தாய். நான் ஓர் இஞ்சினுக்கு அடியில் கிடந்தேன். "அப்பா, நான் சென்னைல படிக்கட்டுமா?" என்றாய். நான் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தாய். சற்று நேரம் நின்றாய், உன் செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது, பிறகு அது போய்விட்டது. சம்மதம் சொல்லத்தான் இருந்தேன். நிதானமாகச் சொல்லலாம், பணத்துக்கு வழி பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். கடைசி நாள் போய்விட்டது. நீ இங்கேயே காலேஜில் சேர்ந்தாய். "ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று உன் அம்மா என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்னவோ, பையன் இரண்டாம் தடவை கேட்கவில்லையே, அவ்வளவு ஆசை இருந்தால் கேட்டிருக்க மாட்டானா என்று உன்மேல்தான் குறைபட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக. இன்னும்கூட நீ ஒரு தடவை கூடுதலாகக் கேட்டிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற நிவேதா நல்ல பெண். அவள் உன்னிடம் ஏதாவது கேட்டால் நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருக்காதே. தப்பான பதிலாக இருந்தாலும் சொல். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றாவது சொல். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜாதி என்று எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்தது. உன் அம்மா முப்பது வருஷம் என் முன்னால் எண்ணிக்கொண்டு நின்றிருப்பாள். எத்தனை கேள்வியை மறந்துவிட்டுப் போனாளோ, எனக்குத் தெரியாது. இனி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

பந்தயத்துக்கு வருகிறேன். ஒத்தையாகச் செய்யவில்லை. லூர்து இல்லாவிட்டால் இன்றைக்கும் கறுப்புத் திரைதான். உன் கணக்குப்படி நான் தோற்றவன், சாவியை உன்னிடம் தர வேண்டியவன். இதை மறைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது, லூர்துவும் சொல்லியிருக்க மாட்டான். ஆனாலும் சாவியைத் தரமாட்டேன். நீ வைத்த பந்தயமே தப்பு. ஒத்தையாகச் செய்தால்தான் இங்கே இருக்கலாம் என்றாய். இத்தனை வருஷம் இந்தக் கரையில் யார் எதை ஒத்தையாகச் செய்தார்கள்? ஒத்தையாகச் செய்த ஒரே காரியம் அந்தச் சீல் மாட்டியது, அதுதான் நடுக்கடலில் போய் நின்றது. எல்லாப் படகுக்காரர்களையும் கூப்பிட்டு என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள், அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் இருக்கிறார்கள். இனி எந்த எண்ணையும் நான் சுவரில் பார்த்துப் படிப்பேன், படகுக்காரன் பக்கத்தில் நின்று இன்னொரு முறை படிப்பான். இரண்டும் ஒத்துப்போனால்தான் பாகம் வாங்குவது. வலது கண்ணும் போகிற நாள் வந்தால் நானே உனக்குப் போன் செய்வேன். நீ கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், அதை எழுத்தில் தருகிறேன்.

கோபப்படு, பரவாயில்லை. ஆனால் இதற்கு ஒரு பதில் எழுது. "சூப்பர்ப்பா" வேண்டாம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். முடிந்த மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்புகிறேன். போக வர இரண்டு ரயில் டிக்கெட்டும் நேற்றே எடுத்தாகிவிட்டது. அந்தப் பெரிய திரையில் நானே எடுத்தேன், தேதியை லூர்து ஒருமுறை சரிபார்த்தான். வயது என்ற கட்டத்தில் அறுபத்தெட்டு என்று உள்ளபடி போட்டேன். இத்தனை வருஷம் எந்தப் பயணத்திலும் தொடாத ஒரு கட்டத்தையும் தொட்டேன். இரண்டு டிக்கெட்டிலும் கீழ்ப் படுக்கை கேட்டிருக்கிறேன்.

அப்பா